உள்ளே துணி விடாத குல்லா

போன வாரம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி கேட்டிருந்தாள், பச்சைக் குழந்தைக் குல்லாவுக்கு அளவுத் தாள் யாரிடமாவது இருக்கிறதா என்று. நாத்தனார் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், வீட்டிலேயே தைத்துக் கொடுக்க ஆசையாம். நல்ல ஆசைதான். கேட்ட மாத்திரத்தில் ஆளாளுக்கு லிங்க் அனுப்பிவிட்டீர்கள். பிரிண்ட் எடு, வெட்டு, துணிமேல் வை, தை, அவ்வளவுதான் என்று ஒருத்தி கட்டைவிரல் படம் வேறு போட்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கவே பாதிப் பேர் கண்ணாடி தேடுகிற வயசு நமக்கு. இந்த வேகம் ஆகாதடி அம்மா. அந்த மாதிரி ஒரு தாளால் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

அப்போது நாம் ஒன்பதாம் வகுப்பு. பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீடு கோவிலுக்குப் பின்தெருவில் இருந்தது. கோவில் என்றால் எங்கள் வேதக் கோவில், சர்ச். அம்மா வீட்டிலேயே தையல் தைத்தாள். தெருவில் பாதிப் பேருடைய ஜாக்கெட்டும், மீதிப் பேருடைய பிள்ளைகளின் கவுனும் அம்மா கையில்தான் உருவாகும். என் பள்ளிக்கூடப் பாவாடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடியில் வருஷத்துக்கு ஒரு பட்டையாகப் பிரித்துவிட்டு, மேலே வெளுத்த நீலம், கீழே அடர் நீலம், அதற்கும் கீழே புத்தம்புது நீலம் என்று இருக்கும். "என்னடி, பாவாடையில ரோடு போட்டுருக்கு?" என்று கேட்டுச் சிரித்த மகராசி இந்தக் குரூப்பில்தான் இருக்கிறாள்.

அம்மாவின் தொழில் சுத்தம் அதில்தான் இருந்தது. எந்தக் குழந்தைக்குத் தைத்தாலும் உள்ளே துணி விடுவாள். தோளில், இடுப்பில், கையில், அடியில் என்று எங்கெல்லாம் பிள்ளை வளருமோ அங்கெல்லாம் இரண்டு விரக்கடை, அதாவது இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து வைத்துத் தைப்பாள். பின்னால் தையலைப் பிரித்துவிட்டால் சட்டையும் பிள்ளையோடு வளரும். "வளர்ற புள்ளைக்கு அளவாத் தைக்கிறவ ஒரு தையக்காரியா?" என்பாள். துணி பற்றாவிட்டால் கையைக் குட்டையாக்குவாளே தவிர, உள்ளே விடுவதில் கைவைக்க மாட்டாள்.

ஒரே ஒரு உருப்படிக்கு மட்டும் விடமாட்டாள். எங்கள் தெருவில் குழந்தை தவறிப்போனால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைத் துணியில் கவுனும் குல்லாவும் அவசரமாகத் தைத்துக் கொடுப்பாள். அதில் மடிப்பு கிடையாது, உள்துணி கிடையாது. ஒரே தையல் போட்டு, ஓரத்தை ஒட்ட நறுக்கிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு வேறு எதையும் தைக்காமல் மெஷினை மூடி வைப்பாள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அத்தை. அப்பாவின் தங்கை. அம்மா கல்யாணமாகி வந்தபோது அத்தை பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து நூல் வெட்டுவது, காஜா எடுப்பது, பட்டன் வைப்பது என்று அம்மாவின் கூடவே வளர்ந்தவள். நாத்தனார் மதினி என்ற பேச்சே இரண்டு பேருக்கும் நடுவில் இருந்ததில்லை. அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சட்டையைக் கையில் கொடுத்தாலும் உட்புறத்தைத் திருப்பி, தையல் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு தடவு தடவிப் பார்ப்பாள். தேனியில் ரெடிமேட் கடைக்குள் நின்றுகொண்டே, "அரை விரக்கடை கூட விடல, இதப் போயி யாரு வாங்குவா?" என்று சத்தமாகச் சொல்லுவாள். கூடப்போன எனக்குத்தான் மானம் போகும்.

அத்தையைக் கடமலைக்குண்டில் கட்டிக் கொடுத்திருந்தது. மாமா விவசாயம், சாது. அந்த வருஷம் ஆனி மாசக் காற்று ஊரையே தூக்கிக்கொண்டிருந்தபோது அத்தைக்கு ஏழாம் மாசம். ஒருநாள் பகலில் வலி வந்து, தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். பெண் குழந்தை. பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அப்பாவோடு போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிவப்பாக, உரித்த அணில் குஞ்சு மாதிரி கிடந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. டாக்டர் யாருக்கும் உறுதி சொல்லவில்லை. பார்ப்போம், பார்ப்போம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு மலையாளத்து நர்ஸ் இருந்தாள். எல்லாரும் சிஸ்டர் என்போம். அவள்தான் முதலில் குல்லாப் பேச்சை எடுத்தாள். "கொச்சுக்குத் தலை வழியாதான் சூடு போகும், கேட்டோ. தொப்பி வேணும். லூசா வேண்டாம், தலையோட ஒட்டி நிக்கணும்," என்றாள். கொச்சு என்றால் அவள் பாஷையில் குழந்தை. அப்பா பஜாரில் அலைந்து இருப்பதிலேயே சின்னக் குல்லாவாகப் பார்த்து வாங்கிவந்தார். அதைப் போட்டால் நெற்றி, கண், மூக்கு எல்லாவற்றையும் தாண்டி நாடி வரை இறங்கியது.

"அம்புட்டுச் சின்னத் தலைக்கு நான் அளவு எடுத்ததில்லையே," என்று அம்மா தவித்தாள். பெட்டிக்குள் கையை விட்டு டேப் பிடிக்க விடமாட்டார்கள். அப்போதுதான் மெயின் ரோட்டில் புதிதாக பிரவுசிங் சென்டர் வந்திருந்தது, நினைவிருக்கிறதா? பரீட்சை ரிசல்ட் பார்க்க மட்டும்தான் நாம் அங்கே போவோம். கம்ப்யூட்டரில் சட்டை அளவெல்லாம் கிடைக்கும் என்று நம் இங்கிலீஷ் டீச்சர் சொல்லியிருந்ததை நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கழுத்தில் கிடந்த டேப்பைக் கூடக் கழற்றாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சென்டர் அண்ணன் என்னென்னவோ தட்டி ஒரு படத்தைக் கொண்டுவந்தான். காதுப் பக்கத்துக்கு இரண்டு துண்டு, நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவில் ஒரு பட்டை. நாலு அளவுக்கும் நாலு கோடு, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, இது ஒரு இஞ்ச் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. பிரிண்ட் வந்ததும் அம்மா டேப்பை அந்தக் கட்டத்தின்மேல்தான் முதலில் வைத்தாள்.

"இஞ்ச் வரலையே தம்பி."

"மெஷின் போட்டது அக்கா. தப்பா வராது."

"என் டேப்பு பொய் சொல்லாது. உன் மெஷினுதான் சொல்லுது. திரும்பப் போடு."

அவன் முனகிக்கொண்டே எதையோ மாற்றி மறுபடி போட்டான். இந்தத் தடவை கட்டம் சரியாக இஞ்ச் வந்தது. இரண்டு தாளில் பிரிந்து வந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து சோற்றுப் பருக்கையால் ஒட்டி ஒன்றாக்கினோம். டீச்சரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். உள்ளேயிருக்கும் கடைசிக் கோடு குறைமாசக் குழந்தைக்கு என்றும், தையலுக்கு வேண்டிய கால் இஞ்சும் இதிலேயே சேர்ந்திருக்கிறது, கூட விடவேண்டாம் என்றும் டீச்சர் சொன்னார். நான் வந்து சொன்னதை அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாவின் பழைய வேட்டி ஒன்று துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகியிருந்தது. அதில்தான் வெட்டினாள். ஒன்று போட, ஒன்று துவைக்க என்று இரண்டு குல்லா. தைத்து முடித்து உட்புறம் திருப்பி, தாள் விடச்சொன்ன அந்தக் கால் இஞ்சையும் கத்தரியால் ஒட்ட நறுக்கினாள். நூல் பிரியாமல் ஓரத்தைக் கையால் சுற்றித் தைத்தாள். "உறுத்தும்ல," என்றாள், நான் கேட்காமலே. பிறகு உரித்த தேங்காயில் சின்னதாகப் பார்த்து எடுத்துவந்து குல்லாவை மாட்டி, நாடாவைக் கட்டிப் பார்த்தாள். கண்ணு மூக்கோடு அந்தத் தேங்காயே ஒரு பிள்ளை மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, தலை வாராமல், ஆள் பாதியாகியிருந்தாள். குல்லாவைக் கையில் கொடுத்ததும் அதைத் தன் முஷ்டியில் மாட்டிப் பார்த்து, பிள்ளை பெற்றதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஆத்தாடி, பொம்மைக்குத் தைச்சாப்ல இருக்கு மதினி!"

சிரித்துக்கொண்டே, பழக்க தோஷத்தில் உட்புறத்தைத் திருப்பி, கட்டைவிரலை வைத்துத் தடவினாள். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இன்னொரு குல்லாவையும் திருப்பினாள். அதையும் தடவினாள்.

"எங்க மதினி துணி?"

"என்ன துணி ஆத்தா?"

"உள்ள விடுற துணி. விரக்கடை வேணாம், நூலளவு கூடக் காணோமே. எம்புள்ளைக்கு இப்பவே தைச்சிட்டீகளா?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஏத்தா, என்ன பேச்சுப் பேசுற நீ? தாள்ல அப்பிடித்தான் போட்டுருக்கு. டீச்சரே வாசிச்சுச் சொன்னாக. இந்தா, இவகிட்டக் கேளு," என்று என்னை முன்னால் இழுத்துவிட்டாள். ஆமாம் அத்தை, கூட விடவேண்டாம் என்றுதான் போட்டிருக்கிறது என்று நானும் சொன்னேன்.

"தாளு போட்டவன் எந்த நாட்டுக்காரனோ. தைச்சது நீங்கதான? வெள்ளைத் துணி, ஓரத்தை ஒட்ட நறுக்கி... உங்க காலடியில உக்காந்து நூலு வெட்டுனவ மதினி நான். எனக்கா தெரியாது? நீங்க இனிமே இங்கன வராதீக!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா ஓடிவந்து, "ஏய், பெரியவுகளப் பாத்து என்ன பேச்சு இது?" என்று அத்தையை அதட்டினார். அவள் கேட்கிற நிலையில் இல்லை. சிஸ்டர்தான் உள்ளேயிருந்து வந்து, அத்தையின் கையிலிருந்த குல்லா இரண்டையும் பிடுங்காத குறையாக வாங்கினாள். "சண்டை பின்னாடி போடலாம். கொச்சுக்குத் தலை தணுக்குது, குளிருது," என்று உள்ளே கொண்டுபோய் மாட்டிவிட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அளவு எடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்த அம்மா இரண்டு நாள் மெஷினைத் திறக்கவில்லை. கேட்க வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தாளை நான்தான் எடுத்துக் காட்டினேன். பார்த்தவர்கள் எல்லாருடைய தீர்ப்பும் ஒன்றுதான். நல்லது செய்யப்போனவளை அவள் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. "பிள்ள பெத்த ஒடம்பு, புத்தி பெரண்டு கெடக்கு, மனசுல வச்சுக்காத," என்று அப்பா அம்மாவைத் தேற்றினார். மாமாவே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அத்தைக்கு வாய் நீளம், அத்தைக்குச் சந்தேக புத்தி என்று பேசிப் பேசி, எங்கள் வீட்டில் அது நிலைத்துவிட்டது. நானும் அப்படித்தான் பேசினேன்.

அதற்கு நடுவில் ஒருநாள் பிள்ளைக்கு மூச்சு மோசமாகிவிட்டது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம், சாமியாரைக் கூட்டிவருகிறேன் என்று மாமா சொன்னாராம். வேதக்காரர் வீடுகளில் அதுதான் முறை. பெயர் வைக்காமல் பிள்ளையை அனுப்பக் கூடாது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "எம்புள்ளைக்குக் கோவில்ல வச்சு, பாட்டுப் படிச்சு, மிட்டாய் குடுத்துத்தான் தண்ணி ஊத்தணும். இங்கன யாரும் ஊத்தக் கூடாது," என்று கதவை மறித்து நின்றாளாம். அப்பா வந்து இதைச் சொன்னபோது அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். கையால் சக்கரத்தைப் பிடித்து மெஷினை நிறுத்தினாள். "என்னம்மா இப்பிடி ஒரு பிடிவாதம்," என்று அப்பா சொல்லிக்கொண்டே போனார்.

பிள்ளை தேறியது. ஒரேயடியாக இல்லை, இன்றைக்கு நல்ல சேதி, நாளைக்குக் கெட்ட சேதி என்று இழுத்து இழுத்துத்தான் தேறியது. அம்மா ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அப்பாதான் சோறு கொண்டுபோவார், அழுக்குத் துணி வாங்கிவருவார். ஒருநாள் அந்த அழுக்குத் துணிக்குள் குல்லா ஒன்று வந்திருந்தது. சிஸ்டர் தெரியாமல் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். அம்மா துவைக்க எடுத்தவள், கையில் ஏதோ தட்டுப்பட்டு உட்புறத்தைத் திருப்பினாள்.

உள்ளே, நடுப்பட்டையின் இரண்டு பக்கத்துத் தையலிலும் கத்தரிப்பூ நிறத்தில் துணி வைத்துத் தைத்திருந்தது. அத்தையின் சேலை அது. முந்தானையைக் கிழித்து, தையலைப் பிரித்து, உள்ளே இரண்டு விரக்கடை மடித்து வைத்து, கையாலேயே தைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் யாரிடம் ஊசி வாங்கினாளோ. கோணல் மாணலான தையல். அந்தத் துணியால் குல்லா இன்னும் பெரிதாகிவிடவில்லை. தலை பெருத்தால் பிரித்துவிடுவதற்காக வைத்தது.

நீங்கள் அம்மாவை அறிவீர்கள். அடுத்தவர் தையல் கோணினால் சும்மா இருக்க மாட்டாள். நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த இடத்தில், மேடை ஏறப்போன பிள்ளையை நிறுத்தி வைத்து ஜிகினாவைப் பிரித்துத் தைத்தவள். அன்றைக்கு அந்தக் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் கத்தரியை எடுத்து நீட்டினேன். "வேணாம், கெடக்கட்டும்," என்றாள். வெந்நீரில் துவைத்து, நிழலில் காயப்போட்டு, தேய்த்து, ஒரு தையலைக் கூடத் தொடாமல் திருப்பி அனுப்பினாள்.

ஆவணி பிறந்த பிறகு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் போகவில்லை, அத்தை கூப்பிடவில்லை. அப்பா மட்டும் பஸ் ஏற்றிவிடப் போனார். வந்து சொன்னார்: "குல்லாவப் பிரிச்சு விட்டுருக்கா. வெள்ளைக்கு நடுவுல ரெண்டு பக்கமும் கத்தரிப்பூக் கலர்ல பட்டை ஓடுது. கண்ணு படாம இருக்கட்டும்னு நான் ஒண்ணும் சொல்லல." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று நினைத்தேன்.

ஞானஸ்நானம் கடமலைக்குண்டில் வைத்தார்கள், அத்தை சொன்னபடியே பாட்டும் மிட்டாயுமாக. முறைக்கு மாமாதான் வந்து எங்களை அழைத்தார். பிள்ளைக்கு உடுப்பு எடுப்பது தாய்மாமன் வீட்டுக் கடமை என்பதால் அம்மா கவுன் தைத்தாள். அந்த மாதிரி ஒரு கவுன் அம்மா அதற்கு முன்னும் தைத்ததில்லை, பின்னும் தைத்ததில்லை. வெளியில் தெரிந்த துணியைவிட உள்ளே விட்ட துணி அதிகம். தோளில் மடிப்பு, இடுப்பில் மடிப்பு, அடியில் மடிப்புக்குள் மடிப்பு. கையில் எடுத்தால் போர்வை கனம் கனத்தது. "இது எதுக்கும்மா, பள்ளிக்கூடம் போற வரைக்குமா?" என்று கேட்டேன். "கலியாணத்துக்கும் போட்டுக்கிறட்டும், போடீ," என்று எரிந்து விழுந்தாள்.

கோவில் வாசலில் அத்தை கவுனை வாங்கினாள். எல்லார் முன்னாலும் உட்புறத்தைத் திருப்பினாள். கட்டைவிரலை வைத்தாள். தோள், இடுப்பு, அடி என்று ஒவ்வொரு இடமாகத் தடவிக்கொண்டே போனாள். தடவி முடித்து, கவுனை மாட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கி அம்மாவின் கையில் வைத்தாள்.

"செத்த நேரம் பிடிங்க மதினி. எனக்குக் கை வலிக்கி."

அவ்வளவுதான் சமாதானம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. நாங்கள்தான் எடுப்போம். கல்யாண வீடுகளில், பொங்கலுக்குக் கூடுகிறபோது, அத்தையின் வாய்க்கு உதாரணமாக அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்போம். அத்தையும் கூடச் சிரிப்பாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. பிள்ளை வளர்ந்து, படித்து, இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். நம்மைவிட ஒரு சாண் உயரம்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். போன வாரம் குரூப்பில் வந்த லிங்க்கைத் திறந்து, அந்தக் கோடு கோடான படத்தை அவளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "பாரும்மா, இதிலயும் துணி கூட விடவேணாம்னுதான் போட்டுருக்கு. தாள்ல இருந்தபடிதான நீ தைச்ச, பாவம், அத்தைதான் கிடந்து கத்துனாக," என்றேன்.

"தாளு சொன்னத நான் என்னைக்குடி கேட்டுருக்கேன்?" என்றாள் அம்மா.

எனக்குப் புரியவில்லை.

"அந்தத் தாளு தையலுக்குன்னு கால் இஞ்ச் விடச் சொல்லுச்சுல்ல. அதையும் ஒட்ட நறுக்குனது யாரு? நான்தான? கை அதுபாட்டுக்கு நறுக்குச்சு. பொழைக்காதுன்னுதான் நெனச்சேன். வெறுந்தலையாப் போகவேணாம், என் கையால தைச்ச குல்லாயோட போகட்டும்னுதான் தைச்சேன்."

"இத்தனை வருஷமா அத்தையைத் தப்பாப் பேசிக்கிட்டிருந்தோமேம்மா. அத்தைகிட்டயாச்சும் ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவகிட்ட என்னத்தச் சொல்ல? அவளுக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. நீங்க எல்லாரும் எனக்காகப் பேசும்போது, அவ ஒருத்திக்குத்தான் தெரியும்." அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "தெரிஞ்சும் அந்தப் புள்ளைய என் கையிலதான குடுத்தா."